பின்பக்கத்துக்கு இரண்டு விளக்கு

இராகலை டவுனில் வாங்கியது:
ரிலே ஒன்று, பியூஸ் பெட்டி ஒன்று,
பதினைந்து மீட்டர் வயர்,
கவிழ்ந்த லொறியில் கழற்றிய
மஞ்சள் விளக்கு இரண்டு.
"வெள்ளை வேணாம்" என்றான் நவ்பர்.
"பனிமூட்டத்துல வெள்ளையப் போட்டா
சுவத்துல டோர்ச் அடிச்ச மாதிரி
ஒன் கண்ணுக்கே திரும்பி வரும்."

பணிய லயத்துக்கு இறங்கும் பாதையில்
கெப் திருப்ப இடமில்லை.
லீக்ஸ் ஏற்றவேண்டுமென்றால் கால் மைல்
பின்னாலேயே போகவேண்டும்.
ஒரு பக்கம் கான்.
மறுபக்கம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பது நாற்பது அடி.
கெப்போடு வந்த ரிவர்ஸ் லைட்
பீடி நெருப்புக்குக் கொஞ்சம் மேல்.
கதவைத் திறந்து தலையைத் தொங்கவிட்டு
இத்தனை வருசமும் காதால்தான் ஓட்டினேன்.
டயரில் பட்ட கல் உருண்டு
கானில் விழுந்தால் சத்தம் கேட்கும்.
கேட்காவிட்டால்தான் பயம்.

ஞாயிறு மத்தியானம்
கெப்புக்கு அடியில் மல்லாந்தேன்.
முப்பது, பெட்டரிக்கு.
எண்பத்தேழு, விளக்குக்கு.
எண்பத்தாறு, பழைய ரிவர்ஸ் வயரில் ஒரு முடிச்சு.
எண்பத்தைந்து, பொடிக்கு.
லயத்துக் காம்பரா நம்பர் மாதிரி:
மாற்றித் தட்டினால்
வேறு யாராவது கதவைத் திறப்பார்கள்.

சைலன்சரில் படாமல் வயரை இழுத்துக் கட்டி
ரிவர்ஸில் போட்டுப் பின்னால் ஓடிப் பார்த்தால்
இரண்டிலும் காய்ச்சல்காரன் கண்ணைப்போல் ஒரு சிவப்பு.
போனில் நவ்பர் சிரித்தான்.
"எர்த்த பெயிண்டுக்கு மேல வச்சிருப்ப.
சுரண்டு. இரும்பு தெரியணும்.
எர்த் இல்லாம ஒண்ணும் எரியாது."
"அத தோட்டத்துக்காரன்கிட்ட சொல்றியா" என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை.
பிறகு, "சுரண்டு மச்சான்" என்றான்.

விடியற்காலை மூன்றரைக்கு
கெப்புக்குப் பின்னால் ஒரு உலகம் இருந்தது.
பாதை இவ்வளவு குறுகலென்று
தெரியாமலே இருந்திருக்கலாம்.
ஓரத்துப் புல்லில் பாதி டயர் அடையாளங்கள்,
எல்லாம் என்னுடையவை.
பீலியடியில் குடத்தோடு மூன்று பேர்
முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஏசினார்கள்.
"யார்ராது, கல்யாண வூடா?"
அணைக்கப்போனேன்.
ஜெயசீலி கையைக் காட்டினாள்.
"இருக்கட்டும். ஒரு கொடம் நெறையட்டும்."
போன மாதம் தன்னை வழுக்கிவிட்ட கல்லை
அப்போதுதான் பார்த்தாள்.
காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள்.
கிளட்சை மிதித்தபடி நான்,
மூன்று குடம் நிறையும்வரை.
கால் மரத்துப்போனது.

அடுத்த ஞாயிறு டேஷ்போர்டில் ஒரு துளை,
கியரைக் கேட்காமல் எரிய ஒரு சுவிட்ச்.
"மறந்து விட்டுட்டுப் போனா
பெட்டரி செத்துரும்" என்றான் நவ்பர்.
நான் மறக்கவில்லை.
கதவைப் பூட்டாமல் விட்டேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை.
பத்து மூட்டை ஏற்றிச் சாவியைத் திருப்பினால்
டிக். மறுபடி டிக்.
கெப்பின் மூக்கு மேட்டைப் பார்த்து நிற்கிறது.
மூட்டையோடு மேலே தள்ள
லயத்தில் அத்தனை தோள் இல்லை.
மிச்சமிருப்பது ஒரே வழி, பின்னால்:
ரிவர்ஸில் போட்டு, பிரேக்கை விட்டு,
உருளும் வேகத்தில் கிளட்சை எடுக்கவேண்டும்.
பீலிவரைக்கும் இருபது கெஜம்.
அதற்குள் பிடிக்காவிட்டால்
குடங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெயசீலி போன் வெளிச்சத்தைத் தூக்கிப்பிடித்தாள்.
இன்னும் இருவர் தூக்கினார்கள்.
கண்ணாடியில் மூன்று பொட்டு.
"வா. வா. ஒடி. இன்னும் வா."
எட்டுக் கெஜம். பத்து.
கிளட்சை விட்டேன்.
கெப் ஒருமுறை குலுங்கி, இருமி,
கறுப்பாய் ஒரு புகையைத் துப்பிப் பிடித்துக்கொண்டது.
பின்விளக்கு இரண்டும்
முதலில் சிவப்பாய், பிறகு மெல்ல மஞ்சளாய் ஏறின.
அதில்
போனைத் தாழ்த்திவிட்டு
உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள்:

"போதும். நில்லு."